இடப்பக்கம் திரும்பி நிற்காதீர்கள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் கோல்ப் மைதானம் கிடையாது. ஆனால் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு, கோடை பிறந்ததும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மட்டைப் பையைத் தூக்குகிறவர்கள் இப்போது கணிசம். பயிற்சிக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரே வியாதிதான்: ஸ்லைஸ். வலக்கையால் ஆடுபவரின் பந்து கொஞ்சத் தூரம் ஒழுங்காகப் போய், பிறகு வலப்பக்கம் வளைந்து பற்றைக்குள் விழுகிறது.

"பிடி பிழையோ அண்ணை? இல்லாட்டி ட்ரைவரை மாத்தவோ?" என்பார்கள். முதலில் தோளைக் காட்டுங்கள் என்பேன்.

சோளகக் காற்று வீசும் காலத்தில் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு விடுகிறவர், துறைக்கு நேரே அணியத்தைப் பிடிப்பதில்லை. காற்று எவ்வளவு தள்ளும் என்று கணித்து, காற்று வரும் பக்கமாகச் சற்றுத் திருப்பியே பிடிப்பார். அதே புத்திதான் நம்மவரை டீயில் நிற்கும்போதும் ஆட்டுவிக்கிறது. பந்து வலப்பக்கம் ஓடுகிறதா, உடம்பை இடப்பக்கம் திருப்பு. அடுத்தது இன்னும் ஓடுகிறதா, இன்னும் திருப்பு. கடலில் இது சரி. அணியத்தைத் திருப்பியதற்காகக் காற்று பலப்படுவதில்லை. கோல்பில் பந்தை வளைப்பது நாமே. திரும்பத் திரும்ப வளைவு கூடும்.

காரணம் இதுதான். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். ட்ரைவரில் அதன் பங்கு ஐந்தில் நான்குக்கும் மேல். கிளம்பிய பந்து எவ்வளவு வளையும் என்பது, மட்டை வீசப்படும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கைகள் தோள் கோட்டை ஒட்டியே வீசும். தோள் இடப்பக்கம் பார்த்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளே அறுத்துக்கொண்டு வரும். முகமோ இலக்கைப் பார்த்தபடி இருக்கும். பந்தின் சுழல் அச்சு வலப்பக்கம் சாய்ந்துவிடும். 2000களில் ரேடார் கருவிகள் பயிற்சிக்களத்துக்கு வரும்வரை, பந்து மட்டையின் பாதையிலேயே கிளம்புகிறது என்றுதான் பல ஆசிரியர்களும் சொல்லிக்கொடுத்தார்கள்.

காலடியில் ஒரு தடியைப் போட்டு, பாதங்கள் நேராக இருக்கின்றன என்று திருப்திப்படுகிறவர்கள் பலர். அந்தத் தடி பாதத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். மட்டையில் வலக்கை இடக்கைக்குக் கீழே இருக்கிறது. அதை எட்ட வலத்தோள் தாழவேண்டும். நாம் தாழ்த்துவதில்லை, முன்னே தள்ளுகிறோம். பந்தை அளவுக்கு மீறி முன்னால் வைத்தாலும் இதுவே நடக்கும். சிறுவயதில் மென்பந்தை லெக் பக்கம் தூக்கி அடித்தும், கரப்பந்தை வலைக்கு மேலால் அறைந்தும் பழகிய தோள் வேறு. முன்னே பாய்வதுதான் அதற்குத் தெரிந்த வேலை.

பந்தை இடது குதிக்காலின் உட்பக்கத்துக்கு நேரே வையுங்கள். வலது முழங்கையை இடுப்புப் பக்கம் சற்றுத் தளர்த்தினால் தோள் தானாகவே தாழ்ந்து பின்வாங்கும். மட்டையை இரு தோள்களுக்கும் குறுக்கே பிடித்து, அது எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். இலக்கைப் பார்க்கும்போது தலை மட்டும் திரும்பட்டும், நெஞ்சு திரும்பக் கூடாது. இலக்குக் கோட்டில் உங்களுக்குப் பின்னால் நின்று யாராவது கைப்பேசியில் படம் எடுக்கட்டும். வலது முன்கை மேலே எழுந்து இடது முன்கையை மறைத்தால், தோள் இன்னும் இடப்பக்கம்தான்.

ஆரம்பத்தில் பற்றையைப் பார்த்தே நிற்பதுபோல் பயமாக இருக்கும். சில பந்துகள் வலப்பக்கம் போகவும் செய்யும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ட்ரைவரை மூடி வைத்துவிட்டு ஏழாம் இலக்க இரும்பால் அரை வீச்சு அடியுங்கள். தோள் நேரான பிறகும் வளைந்தால், அப்போது பிடியைத் திருத்தலாம். இடக்கையின் இரண்டு மூன்று முட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கம் சுற்றிப் பிடியுங்கள். பிடியிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் பென் ஹோகனின் 1957ஆம் ஆண்டு நூலை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். ஹோகனை வாட்டியது ஸ்லைஸ் அல்ல, அதற்கு நேர்மாறான ஹூக். அவருக்கு மருந்தான பிடி நமக்கு விஷம்.

லீ ட்ரெவினோ இடப்பக்கம் திரும்பி நின்றே ஆறு மேஜர் பட்டங்கள் வென்றாரே என்று வாதாடுவார்கள். மட்டை முகம் எங்கே பார்க்கிறது என்பது அவருக்கு ஒவ்வோர் அடியிலும் தெரியும். பந்து இடப்பக்கம் கிளம்பி, வேண்டிய அளவுக்கு மட்டும் திரும்பிவரும்.

பிரித்தானியர் 1889இல் கோல்ப் கழகம் அமைத்தது நுவரெலியாவில்; தீவகத்தில் அல்ல. ஆனால் நெடுந்தீவின் குதிரைகள் மேயும் கடலோரப் புல்வெளியைப் பார்த்தால், ஸ்கொட்லாந்தில் இந்த ஆட்டம் பிறந்த நிலம் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றும். அங்கே மைதானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடிக்கும் தண்ணீருக்கே அல்லாடும் தீவு அது. ஆனால் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: சோளகத்துக்கு எதிரே நின்று நாலு பிளாஸ்ரிக் பயிற்சிப் பந்துகளை அடித்துப் பாருங்கள். நேரான பந்தை எதிர்காற்று பக்கவாட்டில் வளைக்காது. சாய்ந்து சுழலும் பந்தையோ, அமைதியான நாளில் போவதைவிட அதிகமாக விலக்கிக் காட்டும். ரொறன்ரோவில் நானூறு ஐந்நூறு டொலர் கொடுத்து ஸ்லைஸைக் குறைக்கும் ட்ரைவர் வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை இது.

(கட்டுரையாளர் கோல்ப் பயிற்றுநர்)