ஐப்பசி முகிலும் அரைமணி மழையும்

ஐப்பசி பிறந்துவிட்டாற் சாவகச்சேரியில் எவரும் நேரே பார்த்து நடப்பதில்லை. சந்தைக்கு வாழைக்குலை கொண்டு வருவோர், முற்றத்திற் புழுங்கல்நெல் காயவிட்ட தாய்மார், குடையை எடுப்பதா விடுவதா என்று படலையில் நிற்கும் பிள்ளைகள், யாவரும் அண்ணாந்து பார்த்தபடியே இருப்பர்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை வீசிய சோளகம் ஓய்ந்துவிடும். வாடையோ இன்னும் நிலைபெற்றிராது. இடைப்பட்ட நாட்களிற் காற்றுக்கு ஒரு திசையென்பதில்லை. இதனை இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம் என்று பாடநூல்கள் கூறும். ஒரே வாரத்தில் வெயிலும் இடியும் தூறலும் மாறிமாறி வருவது இக்காலத்தின் இயல்பு.

எமது வளவுக்கு அயலில் ஒரு கமக்காரர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். நாம் அவரை அண்ணை என்போம்; அவர் எம்மை மாஸ்டர் என்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் அவர் வயலைப் புழுதிபட உழுதுவிட்டு, இரண்டு புசல் மொட்டைக்கறுப்பன் விதைநெல்லோடு காத்திருந்தார். அவர் வயல் வானம் பார்த்த பூமி. குடாநாட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

மழை வராது போய்விடுமோ என்பதே கமக்காரரின் அச்சம் என்று நாம் எண்ணியிருந்தோம். அவர் அஞ்சியது சிறுமழைக்கு! காய்ந்த புழுதியுட் கிடக்கும் நெல், மழை இல்லாவிடிற் சில நாட்கள் உறங்கிக் கிடக்கும். அரைமணி மழை பெய்தால் விழித்துக்கொள்ளும். பின்னர் மழை தொடராவிட்டால் முளை கருகிவிடும், விதையும் போய்விடும்.

அவ்வாரம் திங்களன்று வானம் தெளிவாயிருந்தது; மிக உயரத்திற் சில கீற்று முகில்கள் மாத்திரம் வெண்ணரைபோல் இழைந்து கிடந்தன. செவ்வாயன்று உச்சிவேளையிற் பஞ்சுப் பொதிகள் போன்ற திரள் முகில்கள் தோன்றி மாலையில் மறைந்தன. புதனன்று பிற்பகல் கிழக்கே அவற்றுள் ஒன்று கோபுரமாய் வளர்ந்தது. அடி கறுத்துத் தட்டையாகவும், உச்சி கொல்லனின் பட்டடைபோல் விரிந்தும் நின்றது. இடி முழங்கிற்று. சற்று நேரத்தின்பின் கொடிகாமத்திலிருந்து வந்த பஸ் நனைந்திருந்தது. எமது தெருவிலோ புழுதி பறந்தது.

“மாஸ்டர், உந்த முகிலைப் பாத்தனீங்களோ? நாளைக்கு விதைக்கலாமோ?”

“தாராளமாய் விதையுங்கோ அண்ணை. மழைக்காலம் தொடங்கிவிட்டுது” என்றோம்.

எமது படிப்புக்கு மதிப்பளித்து வியாழன் காலை ஒரு புசலை விதைத்தார். தமது அனுபவத்துக்கு மதிப்பளித்து மற்றதை மூட்டையிலேயே வைத்துக்கொண்டார். அன்று மாலை அரைமணி நேரம் நல்ல மழை. நாம் படலையில் நின்று பெருமிதத்தோடு நனைந்தோம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பஞ்சுப் பொதிகள் வந்து வந்து கலைந்தன. அடுத்த வாரமும் வெயிலே காய்ந்தது. முளைத்த பயிர் எம் கண்முன்னே கருகிற்று.

அண்ணை எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைத்தாரில்லை. “அந்த முகிலுக்கு உங்கடை புத்தகத்திலை என்ன பேர், மாஸ்டர்?” என்று மாத்திரம் கேட்டார்.

பெயருக்கு என்ன குறை? 1802ஆம் ஆண்டில் லூக் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர் முகில்களை வகுத்து இலத்தீன் பெயரிட்டார். அவ்வழிவந்த பகுப்பின்படி அது திரண்மழை முகில். வெயிலிற் சூடேறிய தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து குளிர, ஒரு குறித்த உயரத்தில் நீராவி துளிகளாகிறது. அதனாலேதான் அடி தட்டையாகத் தெரிகிறது. எமது வெப்பவலயத்தில் அதன் உச்சி 15 கிலோமீற்றருக்கும் மேலே செல்வதுண்டு. அங்கே துளியில்லை, பனிப்பளிங்கே. ஆயினும் ஒரு தனிமுகிலின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணிநேரந்தான். தன் கீழுள்ள ஊரை நனைத்துவிட்டு அது முடிந்துபோகும். நாளை மழை உண்டா என்பதற்கு அது சாட்சியாகாது. இதனை வகுப்பிற் பலமுறை படிப்பித்திருந்தும் அன்று எமக்கு நினைவு வரவில்லை!

விதைப்புக்கு உதவும் மழையின் வரவு வேறு. வங்கக்கடலில் தாழமுக்கம் உருவானால், பலமுறை முதலிற் கீற்று முகில்கள் திரண்டு மெல்லிய படையாய் வானெங்கும் பரவும். சூரியனைச் சுற்றி வட்டம் தோன்றுவதும் உண்டு. பின்னர் அப்படை தடித்துத் தாழ்ந்து, சாம்பல்நிற மழைப்படை முகிலாகி, இடியின்றி இரவுபகலாய்ப் பெய்யும். அளவு மீறினால் அதுவும் கேடே. 2008 கார்த்திகையில் நிஷாப் புயலின் மழையிற் குடாநாட்டு வயல்கள் வெள்ளத்துள் மூழ்கின.

வியாழனுக்குப் பத்தாம் நாள் விடியற்காலையிற் கொண்டற்காற்று ஒரே சீராய் வீசிற்று. சூரியன் பால் ஊற்றிய கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல் மங்கியிருந்தது. அண்ணை மூட்டையை அவிழ்த்து மற்றப் புசலையும் விதைத்தார். எம்மை ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை.

இப்போதெல்லாம் ஐப்பசி வந்தால் நாமே வேலியடிக்குச் சென்று, “அண்ணை, உடுப்புத் தோய்த்துக் காயப்போடலாமோ?” என்று கேட்டுக்கொள்கிறோம்.