ஒத்த உள்ளத்தாரைத் தேடல்

தனித்திருந்து செய்தற்குரிய கலைகளும் உள. பலர் கூடிச் செய்தற்குரிய கலைகளும் உள. ஓவியன் தன் அறையிலிருந்தே ஓவியத்தை முடிக்கலாம். புலவன் நள்ளிரவில் ஒருவரும் அறியாமல் தன் பாட்டை நிறைவுறுத்தலாம். இசைஞன் நிலை அத்தகையதன்று. தானொருவனே பாடி மகிழ்தல் அவனுக்கு இயலுமெனினும், அவன் கருதிய இசை முழுமையும் வெளிப்படுதற்குப் பிறர் கையும் பிறர் மூச்சும் வேண்டப்படுகின்றன. அத்துணைவரை எங்ஙனம் தேடுவது, எத்தகையாரைத் தேர்வது என்னும் வினா இசைஞர்க்கு மட்டும் உரியதன்று. சங்கம் அமைப்பார்க்கும், நாடகம் நடிப்பார்க்கும், ஒரு நற்பணியைப் பலரோடு கூடித் தொடங்குவார்க்கும் பொதுவாயது. ஆதலின், அமெரிக்க நாட்டிற் பிறந்து உலகெங்கும் பரவிய 'புளூஸ்' என்னும் இசையின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு, அவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். நம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுதல் நலம்: ஒத்த உள்ளம் என்பது தெருவிற் கிடந்த மணியைப்போலக் கண்டெடுக்கப்படுவதன்று, நிலத்தை உழுது பயிர்செய்வார் போல ஒருங்கிருந்து விளைவிக்கப்படுவது.

இவ்விசையின் இயல்பை அறியாதார் பொருட்டு அதனைச் சுருங்கக் கூறுதும். 1865-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்த பின்னரும், தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பு மக்களின் வறுமையும் இழிவும் ஒழிந்தபாடில்லை. அம்மக்களின் வயற்பாட்டிலிருந்தும் ஆலயப் பாட்டிலிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, புளூஸ் கிளைத்தெழுந்தது. 1912-ல் டபிள்யூ. சி. ஹாண்டி என்பார் 'மெம்பிஸ் புளூஸ்' என்பதனை அச்சிட்டு வெளியிட்டார். இதன் அமைப்பு எளியது. பாடுவோன் ஓரடியைப் பாடுவான். அதனையே மீண்டும் பாடுவான். மூன்றாம் அடியில் அதற்கு முடிவு கூறுவான். அடிக்கு நான்காகப் பன்னிரண்டு தாளவட்டத்தில் ஒரு கண்ணி முற்றுப்பெறும். ஒவ்வோர் அடியின் பிற்பகுதியிலும் குரல் ஓயும். ஓய்ந்த இடத்திற் கித்தாரோ பிறிதொரு வாத்தியமோ மறுமொழி கூறும். இம் மறுமொழியே இவ்விசைக்கு உயிர் என்னலாம்.

கிறிஸ்தவக் கல்லூரியின் ஆண்டு மலரில் இவ்விசையைப் பற்றிப் பேசுதல் தகுமோ என ஐயுறுவாரும் உளராகலாம். தென் மாநிலத் திருச்சபைப் பெரியோர் பலர் இதனைச் சாத்தானின் இசை என்று வெறுத்ததுண்டு. ஆயினும், நம்முடையதைப் போன்றதொரு கல்லூரியே இதனை ஆராய முன்வந்தது என்பதை நண்பர்கள் அறிதல் வேண்டும். விடுதலை பெற்ற மக்களின் கல்விக்கென அமெரிக்க மிஷனெரிச் சங்கத்தாரின் ஆதரவில் 1866-ல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பெற்றது ஃபிஸ்க் கலாசாலை. அது பொருளின்றி மூடப்படும் நிலையெய்தியபோது, 1871-ல் அதன் மாணவ மாணவியர் ஒன்பதின்மர் ஊர் ஊராகச் சென்று பாடி நிதி திரட்டினர். அவர்தம் முன்னோர் அடிமைத்தளையிற் கட்டுண்டு பாடிய பக்திப் பாடல்களே அவர்க்கு மூலதனமாயின. அக்கலாசாலையின் பேராசிரியரான ஜான் வொர்க் என்பாரும், அரசாங்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சார்ந்த ஆலன் லோமாக்ஸ் என்பாரும் 1941-ல் மிஸிஸிப்பி மாநிலத்திற்குச் சென்று, ஸ்டோவால் தோட்டத்தில் உழைத்துவந்த ஓர் இளைஞரின் பாட்டைப் பதிவு செய்தனர். அவ்விளைஞரே பின்னர் மட்டி வாட்டர்ஸ் எனப் புகழ் பெற்றவர். இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட்.

இசைத்தட்டிலிருந்து தம் குரலைத் தாமே கேட்டபோது, தாமும் இசைஞரே என்னும் துணிவு அவர்க்கு உண்டாயிற்று. 1943-ல் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகரம் சேர்ந்தார். ஆண்டு அவர்க்கு நேர்ந்த இடர் யாது? கிராமத்தில் ஒருவன் ஒரு கித்தாருடன் மரத்தடியில் அமர்ந்து பாடினால் அனைவரும் கேட்பர். நகரத்து மதுக்கடையிலோ, பேச்சொலியும் கண்ணாடிக் கோப்பைகளின் ஒலியும் பாட்டை விழுங்கிவிடும். எனவே அவர் மின்விசையால் ஒலி பெருகும் கித்தாரைக் கைக்கொண்டார். அதனினும் முதன்மையாகத் துணைவரைத் தேடலானார்.

தனித்துப் பாடுவோன் துணைவரை நாடுங்கால் இழப்பது ஒன்று உண்டு. தனியனாயிருக்கும்வரை அவன் தாளத்திற்குத் தலைவன். பன்னிரண்டு வட்டத்திற்கு வேண்டிய பாட்டைப் பதினொன்றரையில் முடிப்பினும், பதின்மூன்றாக நீட்டினும் அவனைத் தடுப்பார் இல்லை. 1948-ல் ஜான் லீ ஹூக்கர் என்பார் டெட்ராய்ட் நகரில், கித்தாரும் காலால் தட்டும் ஓசையுமே துணையாகப் பதிவு செய்த 'பூகி சில்லன்' என்னும் பாட்டு பெரும்புகழ் பெற்றது. தம் உணர்ச்சி சென்றவழியே தாளத்தை நீட்டியும் குறுக்கியும் பாடிய அவரைப் பின்பற்றி வாசித்தல் பிறர்க்கு அரிதாயிருந்தது. அஃது ஓர் அழகே. அதனை நாம் இகழ்கின்றோமில்லை. ஆயின், நால்வர் கூடி வாசிக்கும்போது ஒருவர் மனம் போனவாறு வட்டத்தை நீட்டினால் ஏனை மூவரும் தடுமாறுவர். கூட்டுறவை விரும்புவோன் இச்சுதந்திரத்திற் சிறிது ஈந்தே ஆகவேண்டும். ஈதற்கு மனமில்லாதவன் எத்துணை நல்ல துணைவரைப் பெற்றாலும் தனியனே.

மட்டி வாட்டர்ஸ் இவ்விலையைக் கொடுக்க இசைந்தார். அவர்க்குக் கிடைத்த துணைவரோ அவரைப் போன்றவரல்லர். கித்தார் வாசித்த ஜிம்மி ராஜர்ஸ் அமைதியான குரலினர். தலைவரின் கித்தாருக்குக் கீழே நின்று தாழ்ந்த சுரங்களால் பாட்டைத் தாங்குதலையே தம் பணியாகக் கொண்டார். மௌத் ஆர்கன் வாசித்த லிட்டில் வால்ட்டர் லூயிஸியானாவிற் பிறந்தவர். தலைவரினும் ஏறத்தாழப் பதினைந்தாண்டு இளையவர். நகரத்துச் சாக்ஸஃபோன் இசையிற் காதல் கொண்டவர். அவர் சிறு மைக்ரோஃபோனையும் மௌத் ஆர்கனையும் ஒரே கைக்குள் அடக்கி ஊதி, அதுகாறும் எவரும் கேட்டறியாத ஒலியை எழுப்பினார். ஒருவர் வயல்வெளியின் குரல். மற்றவர் நகரத்தின் வேகம். இருவர் விருப்பமும் ஒன்றாயிருந்திருப்பின், அவ்விசை தோன்றியே இராது. பின்னர் ஓட்டிஸ் ஸ்பான் என்பாரின் பியானோவும் சேர்ந்தது. இவர்களை ஒன்றுபடுத்தியது யாதெனின், இரவுதோறும் ஒரே மேடையில் ஒருவரையொருவர் கேட்டு வாசித்த பழக்கமே.

இசைத்தட்டுக் கம்பெனியார் இதனை எளிதில் உணர்ந்திலர். 1948-ல் அவர்க்கு வெற்றியளித்த தட்டில் கித்தாருடன் பெரிய பாஸ் வாத்தியம் ஒன்றே ஒலித்தது. வெற்றி பெற்ற முறையை மாற்ற அஞ்சியதால், குழு முழுமையும் தட்டில் இடம்பெறுதற்குச் சில ஆண்டுகள் சென்றன. 1952-ல் லிட்டில் வால்ட்டர் தம் பெயரால் வெளியிட்ட 'ஜூக்' என்னும் வாத்திய இசை நாடெங்கும் முதலிடம் பெறவே, அவர் குழுவினின்று நீங்கித் தனிக்குழு அமைத்தார். அவரிடத்திற்கு ஜூனியர் வெல்ஸ் என்னும் இளைஞர் வந்தார். ஈண்டு நாம் வியக்கத்தக்கது ஒன்றுளது. நீங்கிய வால்ட்டர் அதன் பின்னரும் தம் பழைய தலைவரின் இசைத்தட்டுக்களில் வந்து வாசித்தார். வளர்ந்தவன் பிரிதலைத் துரோகம் என்று கொள்ளாமையும் ஒத்த உள்ளத்தின் இலக்கணம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி இங்கிலாந்திற்கு வருவோம். 1958-ல் மட்டி வாட்டர்ஸும் ஸ்பானும் அந்நாட்டிற்குச் சென்று பாடினர். அவ்விதை முளைத்தது. 1961-ல் டார்ட்ஃபோர்ட் புகைவண்டி நிலையத்தில், ஓர் இளைஞர் கையிற் சக் பெரி, மட்டி வாட்டர்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுக்களை ஏந்தி நின்றார். அவற்றைக் கண்டு இளமைக்காலத்துப் பள்ளித்தோழர் ஒருவர் அவரோடு பேசத் தொடங்கினார். அவ்விருவரே மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்பார். அடுத்த ஆண்டில் பிரையன் ஜோன்ஸ் என்னும் கித்தார் இசைஞர், புளூஸ் வாசிக்கத் துணைவர் தேவை என்று 'ஜாஸ் நியூஸ்' பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதற்கு முதலில் விடையளித்தவர் இயன் ஸ்டூவர்ட் என்னும் பியானோ இசைஞர். விரைவில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அவர்களோடு சேர்ந்தனர். மட்டி வாட்டர்ஸ் 1950-ல் வெளியிட்ட பாட்டொன்றின் தலைப்பையே தம் குழுவிற்குப் பெயராக்கி, 1962 ஜூலை 12-ல் இலண்டன் மார்க்கீ மன்றத்தில் அவர்கள் மேடையேறினர்.

ஓராண்டும் கழிந்திலது. 1963-ல் அவர்களை ஏற்று நடத்த வந்த மேலாளர், ஸ்டூவர்ட்டின் தோற்றம் ஏனையோருடன் பொருந்தவில்லை என்று கருதி அவரை மேடையினின்றும் விலக்கினார். விளம்பரத்திற்கு முதலில் வந்தவர், வாசிப்பிற் குறையில்லாதவர், முகவெட்டினால் விலக்கப்பட்டார். தோழரும் அதற்கு உடன்பட்டனர். அவரோ சினந்து அகன்றாரல்லர். அவர்தம் கருவிகளைச் சுமந்து செல்லும் பொறுப்பை ஏற்று, தட்டுக்களிற் பியானோவும் வாசித்து, 1985-ல் இறக்கும்வரை உடனிருந்தார். அக்குழுவினர் ஈட்டிய செல்வமும் புகழும் அளவிறந்தன. எனினும், ஒத்த உள்ளத்தாரைத் தேடுகின்றோம் என்று அறிவித்தவர்கள் ஒத்த தோற்றத்தாரைக் கொண்ட அந்நாள், அவர்தம் வரலாற்றில் ஒரு மறு என்றே நாம் கருதுகின்றோம்.

'அங்ஙனமாயின், விருப்பம் வேறுபட்டாரையெல்லாம் சேர்த்துக்கொண்டால் குழு உடைந்து போகாதோ?' என்று வினவுவார்க்கு நாம் கூறுவது இது. உடைதலும் உண்டு. விளம்பரம் செய்து குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸே 1969-ல் அதனின்று நீங்க நேர்ந்தது. ஆயின் அவர்கள் தொடக்கத்தில் விருப்பம் ஒத்தவரல்லரோ? ஒரே இசைத்தட்டுக்களைக் கேட்டு ஒரே இசையில் மயங்கியவரன்றோ? விருப்பம் ஒத்திருந்தும் அவர்கள் பிரிந்தனர். விருப்பம் வேறுபட்டும் மட்டி வாட்டர்ஸும் லிட்டில் வால்ட்டரும் பிரிந்த பின்னும் கூடி வாசித்தனர். எனவே விருப்பத்தின் ஒற்றுமை குழுவைக் காக்கும் என்பது உறுதியன்று. துணைவரிடம் நாம் நாடத்தக்கன மூன்று: செய்யும் பணியில் உண்மையான காதல், பிறர் வாசிக்கும்போது செவிகொடுக்கும் பொறுமை, குறித்த வேளையில் வந்து தன் முறைக்குக் காத்திருக்கும் ஒழுங்கு. இம்மூன்றும் உடையானை, அவன் நமக்குப் பிடித்த பாட்டை விரும்பாதவனாயினும், சேர்த்துக்கொள்ளலாம். இம்மூன்றும் இல்லானை, அவன் நம் உடன்பிறந்தானாயினும், சேர்த்தல் வேண்டா.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே உள்ளம் ஒன்றினர் என்பது நம் இலக்கியம் போற்றும் செய்தி. அத்தகைய நட்பு அரிது. அது வந்தால் வணங்கி ஏற்போம். ஆனால் தாளம் கூடுதற்கு அது போதாது. காணாது உள்ளம் ஒன்றலாம். கூடிப் பழகாது கை ஒன்றாது.

இதனை நம் மாணவ நண்பர்க்குச் சிறப்பாகக் கூறக் காரணமுண்டு. கல்லூரிக்கு வருவோர் தம் ஊரார், தம் உறவினர், தம் வகுப்பார், தம் சபையார் என்றே நாடிச் சேர்கின்றனர். இனம் இனத்தோடு சேரும் என்னும் பழமொழியை அதற்குச் சான்றும் காட்டுகின்றனர். 1960-ல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற்குப் பௌதிகம் பயில வந்த எல்வின் பிஷப் என்னும் வெள்ளை இளைஞர் வேறு வழியை நாடினார். பால் பட்டர்ஃபீல்ட் என்னும் மற்றொரு வெள்ளை இளைஞரோடு கூடி, நகரின் தென்பகுதியிற் கறுப்பு மக்கள் வாழும் தெருக்களுக்குச் சென்று, முதியோர் வாசிப்பைக் கேட்டுப் பயின்றார். 1963-ல் அவர்கள் அமைத்த குழுவிற் பாஸ் வாசித்த ஜெரோம் ஆர்னால்டும், டிரம் வாசித்த சாம் லேயும் கறுப்பு இசைஞர். நிற வேற்றுமை ஒரே நகரத்தை இரண்டாகப் பிளந்திருந்த காலம் அது. அக்காலத்திலும் ஒரு மேடையில் நால்வர் அப்பிளவைக் கடந்து நின்றனர். கடத்தற்கு முன்னர்ச் செவிசாய்த்தலைக் கற்றனர்.

ஆதலின், நண்பர்காள், முற்றும் ஒத்தவர் வரும்வரை காத்திருந்து கல்லூரி வாழ்வின் ஆண்டுகளைக் கழித்துவிடல் வேண்டா. பாட விரும்புவோர் இன்றே இருவராகத் தொடங்குக; மூன்றாமவர் வேற்றூரினர் என்றோ, வேறு மொழியினர் என்றோ, அவர் உடை நன்றாயில்லை என்றோ வாயிலை அடைக்கவேண்டா. வாரத்தில் ஒருநாள் குறித்த வேளையில் கூடுக. முதல் மாதத்தில் ஒலி மாறுபடும். இரண்டாம் மாதத்திற் கோபம் பிறக்கும். பொறுத்திருப்பின், ஒருவர் ஓய்ந்த இடத்தில் மற்றொருவர் தாமே மறுமொழி கூறும் நாள் வரும். அந்நாளிற் கூடியிருப்போரே ஒத்த உள்ளத்தார்.