காயின் வேணாம், கூட்டம் வேணும்!

உங்க போனை எடுங்க. குரூப் லிஸ்ட்ல கீழே, கீழே, இன்னும் கீழே போங்க. 'பிளாக்செயின்'ங்கிற பேர்ல ஒண்ணு மாட்டுதா? கடைசி மெசேஜ் ரெண்டு வருஷத்துக்கு முந்தைய பொங்கல் வாழ்த்து. அதுக்கு மேல 'எந்த காயின் வாங்கலாம் ப்ரோ?'ன்னு யாரோ கேட்டிருப்பாங்க. யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டாங்க. சரிதானே?

தமிழ்நாட்டுல பாதி இன்ஜினீயரிங் காலேஜ்ல இதே கதைதான். எங்க கோயம்புத்தூர்லயும் அப்படி ஒரு குழு இருந்துச்சு. அது உச்சத்துல இருந்தப்ப நான் ஸ்கூல்ல மேத்ஸ் டியூஷனுக்கு சைக்கிள் மிதிச்சுட்டு இருந்தேன். அதனால இது சீனியர்ங்க சொன்ன வரலாறு. 2021 நவம்பர்ல ஒரு பிட்காயின் விலை 69,000 டாலரைத் தொட்டுச்சு இல்லையா? அப்ப செமினார் ஹால்ல உட்கார இடம் இல்லை, படியில உட்கார்ந்து கேட்டாங்களாம். சரியா ஒரு வருஷம். 2022 நவம்பர்ல எஃப்.டி.எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவால், பிட்காயின் 16,000 டாலருக்கும் கீழே. அடுத்த கூட்டத்துக்கு வந்தது நாலு பேர். அதுல ஒருத்தர் ஏ.சி.க்காக வந்தவர்.

அதுக்கு முன்னாடியும் இப்படித்தான். 2018 ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி, 'கிரிப்டோ பக்கம் பேங்க் யாரும் போகக் கூடாது'ன்னு உத்தரவு போட்டதும் கூட்டம் கலைஞ்சுது. 2020 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணதும் மறுபடி சேர்ந்துச்சு. விலை ஏறினா கூட்டம், இறங்கினா ஓட்டம். அதுக்குப் பேரு ஆர்வலர் குழுவா, ஷேர் மார்க்கெட் வாசலா?

'செத்தா செத்துட்டுப் போகுது, நமக்கென்ன?'ன்னு விட்டுடலாம்தான். ஆனா காலி மனையில முள்ளுச் செடி முளைக்குமே! எங்க ஹாஸ்டல்ல ஒரு செகண்ட் இயர் பையன் இந்த வருஷம் செமஸ்டர் ஃபீஸை அப்படியே ஒரு 'ஆப்'ல கொண்டுபோய்ப் போட்டான். தினம் லாபம், ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டா போனஸ். பதினெட்டு நாள் ஸ்கிரீன்ல நம்பர் ஏறிக்கிட்டே இருந்துச்சு. பத்தொன்பதாவது நாள் 'ஆப்' திறக்கலை. அப்பா கறவை மாட்டை வித்து மறுபடி ஃபீஸ் கட்டினார். இதே மாதிரி தினம் லாபம்னு ஆசை காட்டின பிட்கனெக்ட் 2018 ஜனவரியில ஊத்தி மூடினது உலகத்துக்கே தெரியும். எங்க ஹாஸ்டல் மூணாவது மாடிக்கு மட்டும் தெரியலை. 'லாபம் எங்கிருந்துடா வருது?'ன்னு கேட்க அந்த மாடியில ஒரு ஆள் இருந்திருந்தா, அந்த மாடு இன்னிக்கும் தொழுவத்துல நின்னிருக்கும்.

அதனாலதான் நாங்க நாலு பேர் சேர்ந்து குழுவைத் தூசி தட்டினோம். ரூல் ஒண்ணே ஒண்ணு: விலை பேசுனா வெளியே! எந்த காயின், எப்ப விக்கலாம், எவ்வளவு போகும்... மூச்! 'அப்புறம் என்னத்தைத்தான் பேசுவீங்க?'ன்னு முகத்துக்கு நேராவே கேட்டாங்க. நியாயமான கேள்வி.

பதிலுக்கு சென்னையைப் பார்க்கலாம். அங்க லினக்ஸ் ஆர்வலர் குழு ஒண்ணு 1998ல ஆரம்பிச்சுது. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம்னு வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா நடத்தினாங்க. விழுப்புரத்துல ஒரு கட்டற்ற மென்பொருள் குழு, கிராமத்துப் பசங்களுக்குக் காசு வாங்காம கம்ப்யூட்டர் சொல்லித் தருது. ரெண்டு இடத்துலயும் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏன்னா அங்க விக்கிறதுக்கே எதுவும் இல்லை! கிழமை மாறாது, வந்தா எதையாவது கத்துக்கிட்டுப் போகலாம். இந்த ரெண்டை மட்டும் அவங்ககிட்ட இருந்து சுட்டுக்கிட்டோம். (நல்லதைத்தானே சுட்டோம், விடுங்க பாஸ்.)

முதல் கூட்டத்துல பதினோரு பேர். பைத்தான்ல மூணே வரி. 'ஷா-256' ஹேஷ் போட்டுக் காட்டினோம். உங்க பேரை அடிச்சா 64 எழுத்துல ஏதோ கிறுக்கல் மாதிரி வரும். பேருக்குப் பின்னாடி ஒரே ஒரு புள்ளி வெச்சு மறுபடி அடிங்க, மொத்தக் கிறுக்கலும் தலைகீழா மாறிடும். இப்படி ஒவ்வொரு கட்டுலயும் முந்தின கட்டோட கிறுக்கலைச் சேர்த்து எழுதுறதால, நடுவுல ஒருத்தர் கைவெச்சா அதுக்கப்புறம் வர்ற எல்லாம் பல்லிளிச்சுக் காட்டிக் கொடுத்துடும். அவ்வளவுதாங்க பிளாக்செயினோட அஸ்திவாரம். சடோஷி நகமோட்டோங்கிற பேர்ல 2008 அக்டோபர் 31 அன்னிக்கு வந்த பிட்காயின் கட்டுரை மொத்தமே ஒன்பது பக்கம். நம்ம லேப் ரெக்கார்டைவிடச் சின்னது! கூட்டத்துக்கு ரெண்டு பக்கம்னு உரக்கப் படிச்சோம், புரியாத இடத்துல நிறுத்திச் சண்டை போட்டோம்.

அடுத்து, சீனியர்ங்க விட்டுட்டுப் போன பழைய நோட்ஸ். இதுல உஷாரா இருங்க மக்களே. பாதி காலாவதி! 'ராப்ஸ்டன்ல டெஸ்ட் பண்ணவும்'னு போட்டிருக்கு, அந்தச் சோதனை நெட்வொர்க்கை எப்பவோ மூடிட்டாங்க. 'கனாஷ் இன்ஸ்டால் பண்ணவும்'னு இருக்கு, அதைக் கைவிடுறதா அந்த கம்பெனியே 2023ல சொல்லிடுச்சு. எத்தீரியம் மைனிங் பத்தி எட்டு பக்கம் இருக்கு. 2022 செப்டம்பர் 15 அன்னிக்கே எத்தீரியத்துல மைனிங் முடிஞ்சுபோச்சு, கரன்ட் செலவு 99 சதவிகிதத்துக்கு மேல குறைஞ்சுது. நோட்ஸைத் திருத்தறதுக்கே ரெண்டு கூட்டம் போச்சு. போரடிக்கிற வேலைதான். ஆனா அடுத்து வர்ற ஜூனியர் முதல் நாளே எரர் பார்த்து ஓடாம இருக்க அதைவிட உருப்படியான வேலை இல்லை. இப்ப 'ஹார்ட்ஹேட்'ல ஓட்டறோம். லேப்டாப்புக்குள்ளயே ஒரு குட்டி செயின் ஓடும், ஒவ்வொரு கணக்குலயும் 10,000 டம்மி ஈதர். தொலைச்சாலும் வீட்டுல திட்டு விழாது.

சரி, மெயின் மேட்டருக்கு வரேன். ஏதாவது செய்யணும், அது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கணும்னு யோசிச்சப்ப ஒருத்தன் சொன்னான்: "எங்கம்மா புடிக்கிற ஏலச்சீட்டை கோடா எழுதுவோம்டா."

கேட்க ஈஸி. பத்து பேர், ஆளுக்கு மாசம் 1,000, பத்து மாசம். ரெண்டாவது மாசம் ஒருத்தருக்கு அவசரம், 1,500 தள்ளிக் கேட்டு 8,500 எடுத்துக்கிறார். அந்த 1,500 பத்து பேருக்கும் 150, 150ன்னு பிரியும். கணக்கு எழுத ஒரு சாயங்காலம் போதும். ஆனா ஏலத்துல முதல் முட்டு. பிளாக்செயின்ல எழுதுறது எல்லார் கண்ணுக்கும் தெரியும், நான் எவ்வளவு தள்ளிக் கேட்கிறேன்னு பார்த்துட்டு நீங்க பத்து ரூபா கூடத் தள்ளிடுவீங்க. அதனால முதல்ல தொகையோட ஹேஷை மட்டும் போடணும், நேரம் முடிஞ்சதும் தொகையைத் திறந்து காட்டணும்னு ஒரு ஐடியா. நாங்க காலரைத் தூக்கிவிட்டுக்கிட்ட நேரத்துல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு எழுந்து, "அண்ணா, ஒண்ணுல இருந்து பத்தாயிரம் வரைக்கும் எல்லா நம்பரையும் நான் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தா, நீங்க கேட்ட தொகை தெரிஞ்சுடுமே?"ன்னாங்க. கப்சிப்! தொகையோட ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்து ஹேஷ் போடணும்னு அன்னிக்குக் கத்துக்கிட்டோம். அந்தப் பொண்ணுதான் இப்ப எங்க கோடைத் திருத்தற ஆள்.

ரெண்டாவது முட்டு இன்னும் பெருசு. ரெண்டாவது மாசம் 8,500 எடுத்தவர் மூணாவது மாசத்துல இருந்து பணம் கட்டலைன்னா? கோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டாது. 'பாக்கி எட்டு மாசத்துக்கும் 8,000 ரூபாயைப் பிடிச்சு வெச்சுக்கலாம்'னு ஒரு யோசனை வந்துச்சு. அப்படின்னா எடுத்தவர் கையில மிஞ்சுறது 500. 500 ரூபாய்க்கு யாருங்க சீட்டு புடிப்பா? அந்தம்மா சீட்டுல அடமானமா இருக்கிறது 'இவ நம்ம தெருக்காரி, ஓட மாட்டா'ங்கிற நம்பிக்கை. அதை சாலிடிட்டியில எழுத முடியலை. தெலங்கானா அரசு சீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்க பிளாக்செயினைக் கொண்டுவந்துச்சு. அங்கயும் பதிவேடு திருத்தப்படாம இருக்க மட்டும்தான் அது உதவும். பணம் கட்டாதவரைக் கட்ட வைக்க ஜாமீனும் சட்டமும்தான் வேணும். (நீங்களும் எழுதிப் பாருங்க. நிஜப் பணம் மட்டும் வேணாம், சீட்டு நடத்த 1982லயே தனிச் சட்டம் இருக்கு.)

என்னைக் கேட்டா, அன்னிக்கு நாங்க கத்துக்கிட்டது எந்த வொர்க்‌ஷாப்லயும் கிடைக்காது. 'மார்க் ஷீட்டை பிளாக்செயின்ல போடுவோம்'னு இப்ப யாராவது வந்தா, பசங்களே 'எழுதப்போறது ஒரே ஒரு ஆபீஸ்னா சாதா டேட்டாபேஸ் போதாதா?'ன்னு கேட்கறாங்க.

உங்க ஊர்ல ஆரம்பிக்கிறீங்களா? ஹால் வேணாம், லைப்ரரி மூலை போதும். சாயங்காலம் வெக்காதீங்க, ஆறு மணிக்கு லேடீஸ் ஹாஸ்டல் கேட் மூடினதும் பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. காலை பத்து மணிதான் பெஸ்ட். அட்மின் பொறுப்பை ஃபைனல் இயர்கிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க. மே மாசம் அவங்க பெட்டியைக் கட்டறப்ப குழுவும் கூடவே பஸ் ஏறிடும். ரெண்டு செகண்ட் இயராவது அட்மினா இருக்கணும். இன்டர்னல்ஸ் வாரத்துல மூணே பேர் வந்தாலும் நடத்துங்க.

எங்க அடுத்த கூட்டத்துக்கு ஒரு பஞ்சாயத்து ரெடியா இருக்கு. ஊர் வழக்கப்படி முதல் மாசச் சீட்டு நடத்துறவங்களுக்கு. எங்க கோடுல நடத்துறவங்கன்னே யாரும் கிடையாது. அப்ப முதல் சீட்டு யாருக்கு? 'குலுக்கிப் போடலாம்'னு ஒரு கோஷ்டி சொல்லுது. பிளாக்செயினுக்குள்ள யாரும் முன்கூட்டியே கணிக்க முடியாத மாதிரி எப்படிக் குலுக்குறதுன்னு இன்னொரு கோஷ்டி முறைக்குது. சீட்டு புடிக்கிற அந்தம்மாவையே நேர்ல கூப்பிட்டிருக்கோம். ரெண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணி.