துப்பறிவாளர் சரிபார்க்காத தடயம்

செவ்வியல் துப்பறியும் புனைவை எங்கிருந்து தொடங்குவது என்று எவரேனும் கேட்டால், வந்து குவியும் பட்டியல்களில் ஆர்தர் கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' பெரும்பாலும் இடம்பெறுகிறது. அதனுடன் சேர்க்கப்படும் குறிப்பும் ஏறத்தாழ ஒன்றே: ஆக்ரா புதையல், பூட்டிய அறைக்குள் கொலை, தேம்ஸ் நதியில் நீராவிப் படகுத் துரத்தல். அக்கொலையைச் செய்தவன் ஓர் அந்தமான் தீவினன் என்பதும், அவன் இனத்தைப் பற்றி நாவல் சான்றாக முன்வைக்கும் செய்திகள் பொய்யானவை என்பதும் அக்குறிப்பில் இரா. வாசிப்புச் சுகத்துக்கு இடையூறான எதையும் சொல்லாதிருப்பதே நல்ல பரிந்துரை என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது. அப்பழக்கம் துப்பறியும் புனைவின் அறத்துக்கே எதிரானது.

இப்புனைவு வகை வாசகருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எளியது. கொலையும் கொலையாளியும் கற்பனையாக இருக்கலாம். தடயத்திலிருந்து முடிவுக்குச் செல்லும் வழி மெய்யான அறிவின்மேல் நிற்க வேண்டும். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளில், அதுவரை கண்டறியப்படாத நஞ்சைப் பயன்படுத்தலாகாது என்பது ஒன்று; சீனர் எவரும் கதைக்குள் வரலாகாது என்பது மற்றொன்று. பின்னது முதற்பார்வைக்கு இனவெறுப்பாகத் தோன்றினும், மர்மமான கீழைத்தேயத்தான் ஒருவனை இறக்கிவிட்டுக் கதைமுடிச்சிலிருந்து தப்பித்துக்கொள்ளும் எழுத்தாளரின் சோம்பலைக் குத்திக்காட்டுவதாகவே அது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அவ்விதிகள் எழுதப்படுவதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்த இந்நாவல் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் மீறுகிறது. அப்பாத்திரத்தின் பெயர் டோங்கா.

1890 பிப்ரவரியில் 'லிப்பின்காட்ஸ்' மாத இதழில் வெளிவந்த இந்நாவலில், பர்தலோமியூ ஷோல்டோ நஞ்சு தோய்ந்த முள் தைத்து இறந்துகிடக்கிறார். அறையில் மிகச் சிறிய வெறுங்காலின் சுவடு இருக்கிறது. ஹோம்ஸ் ஆராய்கிறார். இந்துக்களின் பாதம் நீண்டு மெலிந்திருக்கும் என்கிறார். செருப்பின் வார் இடையே செல்வதால் முஸ்லிம்களின் பெருவிரல் விலகி நிற்கும் என்கிறார். ஆகவே இச்சுவடு இந்தியத் தீபகற்பத்தினர் எவருடையதும் அன்று எனத் தீர்க்கிறார். மதத்தைக் காலடியில் படிக்கும் இந்த அறிவியலைத் தமிழ்நாட்டின் எந்த ஊர்த் தெருவிலும் ஐந்து நிமிடம் நின்று சோதித்துவிடலாம். முள் ஊதுகுழலிலிருந்து வந்தது என்று கண்டபின், ஊதுகுழல்காரனை எங்கே தேடுவது என ஹோம்ஸ் வினவுகிறார். தென்னமெரிக்காவில் என்று வாட்சன் துணிந்து சொல்கிறார். ஹோம்ஸ் அவ்விடையைத் தள்ளிவிட்டு நூலடுக்கிலிருந்து ஒரு கெசட்டியரின் முதல் தொகுதியை எடுக்கிறார். அது ஆக அண்மைய ஆதாரம் எனவும் உறுதியளிக்கிறார்.

அந்தக் கெசட்டியர் கூறுவது நான்கு செய்திகளாகச் சுருங்கும். அந்தமானியரின் சராசரி உயரம் நான்கடிக்கும் குறைவு. அவர்கள் பிறவியிலேயே கோர உருவினர். கப்பலுடைந்து கரையேறுவோரை அவர்கள் நஞ்சூட்டிய அம்பாலும் கல்முனைத் தடியாலும் கொல்வர். கொன்றபின் உண்பர். 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பிரித்தறிந்து ஆய்வுரை எழுதியதாக இதே நாவலின் முதல் அத்தியாயத்தில் பெருமை கொள்ளும் ஹோம்ஸ், இந்த நான்கில் ஒன்றையேனும் சோதிக்கவில்லை.

சோதிப்பதற்கு அவர் தீவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. அந்தமானில் நெடுங்காலம் பணியாற்றிய இ.எச். மேன், அம்மக்களின் வாழ்வு, கருவிகள், வழக்கங்கள் பற்றிய விரிவான கட்டுரைகளை 1882-83-இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழிலேயே வெளியிட்டிருந்தார். அவர் அளந்த ஆண்களின் சராசரி உயரம் நான்கடி பத்து அங்குலத்தைத் தாண்டியது. அவர்கள் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடினர்; அம்பில் நஞ்சு தடவும் வழக்கம் இருக்கவில்லை. ஊதுகுழல் அவர்களுடைய கருவியே அன்று. மலேயக் காடுகளிலும் போர்னியோவிலும் தென்னமெரிக்காவிலும் வழங்கியது அது. மனிதரை உண்பர் என்ற பழங்கதையை மேன் தெளிவாக மறுத்தார். அதற்கும் முன்னர் 1879-இல், லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தமானியர் எலும்புகளை வில்லியம் ஹென்றி ஃபிளவர் அளந்து அதே கழகத்தின் இதழில் எழுதியிருந்தார். மறுப்புக்கான சான்று பேக்கர் தெருவிலிருந்து குதிரைவண்டித் தொலைவில் இருந்தது. ஊதுகுழலைப் பொறுத்தவரை, ஹோம்ஸைவிட வாட்சனே உண்மைக்கு அருகில் நின்றார்.

'அந்தக் காலம் அப்படி. 1890-இல் எழுதியவரிடம் இன்றைய அளவுகோலை நீட்டலாமா?' என்பது வழக்கமான தற்காப்பு. மேலே காட்டிய ஆண்டுகள் அனைத்தும் அந்தக் காலத்தினுடையவையே. இங்கே நீட்டப்படும் அளவுகோலும் 1890-இன் அளவுகோல்தான்; அதிலேயே நாவல் தேறவில்லை. புனைவு வகைக்குள்ளும் மாற்று இருந்தது. வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868-இல், அதாவது 22 ஆண்டுகள் முன்னதாக வெளிவந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையிட்ட வைரத்தை மூன்று இந்தியர் தேடிவருகின்றனர். முதலில் ஐயத்துக்குள்ளாகும் அவர்களின் உரிமையை நாவல் இறுதியில் ஒப்புக்கொள்கிறது. வைரம் சோமநாதபுரத்துத் தெய்வத்திடம் திரும்புகிறது. டாயில் புதையலை எழுதினார். அது எவருடையது என்ற வினாவை ஆக்ராவிலேயே புதைத்துவிட்டார்.

எதிர்த்தரப்பு ஒன்றும் உண்டு. இத்தகைய நாவலைப் பட்டியலிலிருந்தும் பாடத்திட்டத்திலிருந்தும் நீக்கிவிடுவதே தீர்வு என்கிறது அது. இதுவும் தவறு. தடயம் பொய்யென்று தெரிந்தால் அதை எரித்துவிடுவது துப்பறிவாளர் வேலையன்று. மேலும் இந்நாவலின் மிகக் கூர்மையான தடயம் அதன் இறுதி அத்தியாயத்தில், பிடிபட்ட ஜோனதன் ஸ்மாலின் வாக்குமூலத்தில் கிடக்கிறது. நோயுற்றுச் சாகும் நிலையில் காட்டில் கிடந்த டோங்காவைத் தான் காப்பாற்றியதாகவும், அவன் தன்னை விட்டுப் பிரியாத துணையானதாகவும், அவன் ஓடத்திலேயே தண்டனைத் தீவிலிருந்து தப்பியதாகவும் ஸ்மால் கூறுகிறான். இங்கிலாந்து வந்தபின் இருவரும் எப்படிப் பிழைத்தனர்? சந்தைகளில் டோங்காவை நரமாமிசம் உண்ணும் கறுப்பனாகக் காட்சிக்கு வைத்து. பச்சை இறைச்சி தின்னவும் போர் நடனம் ஆடவும் செய்து. கெசட்டியர் இயற்கை எனப் பதிவுசெய்ததை, அவனை அறிந்த ஒரே மனிதன் காசுக்கான வேடம் என்கிறான். இரு சாட்சியங்களும் ஒரே நூலில் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஹோம்ஸ் தவறினார், பரிந்துரைப்போரும் தவறுகின்றனர். நாவலை நீக்கிவிட்டால் இந்த முரணைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் நீங்கிவிடும்.

மொழியியல் மாணவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டோங்காவின் வாய்ச்சொல் ஒன்றுகூட நாவலில் நேர்க்கூற்றாக இல்லை. படகில் அவன் விலங்குபோல் பிதற்றுகிறான் என்பதோடு சரி. பிறகு சுடப்பட்டு நதியில் மூழ்குகிறான். அவனுடைய பேச்சை ஓரளவு கற்றுக்கொண்டதாக ஸ்மால் சொல்வதால், அவனுக்கு ஒரு மொழி இருந்தது என்பதை நாவலே ஒப்புக்கொள்கிறது. அம்மொழிகளுள் ஒன்றான தென் அந்தமான் மொழியைப் பற்றி அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1882-இலேயே லண்டன் மொழிநூல் கழகத்தில் தலைமையுரை ஆற்றினார். பெரும் அந்தமானிய மொழிகளின் வியப்பான இயல்பு, உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்ட முன்னொட்டுகள் இலக்கணம் முழுவதும் பரவிநிற்பது. ஆக்கா-பேயா, ஆக்கா-ஜெரு போன்ற பெயர்களின் 'ஆக்கா' வாயைச் சார்ந்த முன்னொட்டு. தன் பெயரிலேயே வாயைச் சுமக்கும் மொழியினரைத்தான் டாயில் வாயற்றவராக்கினார். அன்விதா அப்பி இம்மொழியின் அகராதியையும், 2013-இல் விரிவான இலக்கணத்தையும் வெளியிட்டார். உடலைப் பார்த்தே மனிதரைப் படித்துவிடுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஹோம்ஸின் வாசகர்கள், உடலையே இலக்கணமாக்கிய இம்மொழியை அறியாதிருப்பது பெரும் இழப்பு.

இழப்பின் அளவு நூலுக்கு வெளியே இன்னும் பெரிது. 1858-இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1863-இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. 1877-இல் தட்டம்மை பரவியது. பிற தொற்றுகளும் தொடர்ந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த பெரும் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். எஞ்சியோர் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். கரையேறியவரைக் கொன்று தின்னும் இனம் என்று லண்டன் வாசகர் படித்துச் சிலிர்த்த ஆண்டுகளில், கரையேறியவர் கொண்டுவந்த நோயால் அவ்வினம் அழிந்துகொண்டிருந்தது. கொலையாளி யார், கொலையுண்டவர் யார் என்பதையே நாவல் மாற்றிவைத்தது.

ஹோம்ஸின் உலகைக் கடன்பெற்றுப் பின்வந்தோர் எழுதும் பாணிப்புனைவுகளுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. எரிவாயு விளக்கு, மூடுபனி, குதிரைவண்டி ஆகியவற்றை மட்டும் மறுஉருவாக்குவது எளிய வேலை. ஜம்யாங் நோர்புவின் 'தி மண்டாலா ஆஃப் ஷெர்லக் ஹோம்ஸ்' (1999) அரிய வேலையைச் செய்தது. கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் நகைப்புக்குரியவராக வரும் ஹரி சந்தர் முகர்ஜியைக் கதைசொல்லியாக உயர்த்தி, நாடிழந்த திபெத்தியர் ஒருவரின் கையால் ஹோம்ஸைத் திபெத்துக்கு அனுப்பியது. சுனில் கங்கோபாத்யாயின் காகாபாபு வரிசையில் வரும் 'சபுஜ் த்வீபேர் ராஜா' அந்தமானையே களமாகக் கொண்டது. தபன் சின்ஹா 1979-இல் அதைப் படமாக்கினார். அதில் ஜாரவாக்கள் கொலைகாரப் பொம்மைகள் அல்லர். காக்கத்தக்க ஒன்றைக் காப்போர். ஆயினும் அவர்களின் அரசனாக அமர்வது வங்காளப் புரட்சியாளர் ஒருவர். தீவின் மக்கள் தமக்காகத் தாமே பேசும் துப்பறியும் கதைக்கு இடம் இன்னமும் காலியாகவே உள்ளது.

இதைத் தமிழில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தன் தோன்றிய நாள் முதல், தமிழ்த் துப்பறியும் கதை ஹோம்ஸின் நிழலில் வளர்ந்தது. பொருளற்ற அசைகளைக் கத்தும் 'காட்டுவாசி' தமிழ்த் திரையின் நிரந்தர நகைச்சுவை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்த பெரிய தாய்மொழி தமிழ். அத்தீவுகளுக்குத் தமிழர் வெளியாட்கள் என்ற சாக்கு செல்லாது; குடியேறியோர், பணியாற்றுவோர், சுற்றுலாச் செல்வோர் என மூன்று வரிசையிலும் நிற்கின்றனர். 2012 ஜனவரியில், உணவு தருவதாகச் சொல்லி ஜாரவாப் பெண்களை ஆடச்செய்யும் காணொளி வெளியாகி உலகம் அதிர்ந்தது. லண்டன் சந்தையில் டோங்கா ஆடிய நடனம் கற்பனை. அந்தமான் பெருஞ்சாலையோரத்தில் நடந்தது உண்மை. இடையில் 122 ஆண்டுகள் கடந்தும் பார்வையாளரின் கண் மாறவில்லை. அக்கண்ணைப் பயிற்றியவற்றுள், குறிப்பேதுமின்றிப் பரிந்துரைக்கப்படும் கதைகளுக்கும் பங்குண்டு.

ஆகவே 'தி சைன் ஆஃப் ஃபோர்' பட்டியலில் இருக்கட்டும். தனியே இருக்க வேண்டாம். அதற்கு முன் 'தி மூன்ஸ்டோன்', பின் நோர்புவின் நாவல், அருகில் மேனின் கட்டுரைகளும் அப்பியின் இலக்கணமும் இடம்பெறட்டும். வகுப்பில் கற்பிப்போர் கெசட்டியர் பகுதியையும் ஸ்மாலின் வாக்குமூலத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்து, எந்தச் சாட்சி பொய் சொல்கிறது என்று மாணவரைக் கேட்கட்டும். தமிழில் மொழிபெயர்த்துப் பதிப்பிப்போர் நான்கு செய்திகளுக்கும் நான்கு அடிக்குறிப்புகள் இடட்டும், அரைப்பக்கம் போதும். ஷோல்டோவைக் கொன்றவனை ஹோம்ஸ் கண்டுபிடித்துவிட்டார். அவர் கைவிட்ட வழக்கு வாசகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.