சிமெண்டு முற்றத்துக்கு வெட்சியே ஏற்றது

மார்கழி, தை மாதங்களில் நகரத்து நாற்றுப் பண்ணைகளில் பெட்டூனியா, சால்வியா போன்ற குளிர்காலப் பூச்செடிகள் அமோகமாக விற்கின்றன. இரண்டு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். பங்குனி வெயில் சிமெண்டுத் தளத்தில் ஏறியதும் அத்தனையும் கருகிவிடுகின்றன. காசு போவது ஒருபுறம் இருக்கட்டும். தங்களுக்குக் கைராசி இல்லை என்று இல்லத்தரசிகள் பலர் செடி வளர்ப்பதையே விட்டுவிடுகிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். செடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோளாறு.

வெயில் முற்றத்துக்குப் பல்லாண்டுச் செடிகளே தகும். அவற்றுள் முதலிடம் வெட்சிக்குத் தரலாம். இட்லிப்பூ என்றால் எல்லோருக்கும் தெரியும். நான்கு இதழ் கொண்ட சிறு நட்சத்திரங்கள் கொத்தாகப் பூக்கும். பூஜைக்கும் ஆகும். ஆநிரை கவரச் சென்ற மறவர் சூடிய பூ இது. நம் மண்ணுக்குப் புதியதன்று. 12 அங்குலத் தொட்டியில் குட்டை ரகத்தை வைத்தால் பல ஆண்டுகள் நிற்கும்.

வெட்சியில் ஒரு தொல்லை உண்டு. இளம் இலைகள் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுவது வீண் வேலை. வெட்சி புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. சிமெண்டுத் தூள், சுண்ணாம்பு, ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் ஆகியவை மண்ணைக் காரமாக்கினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். தொட்டி மண்ணில் மக்கிய தொழு உரமும் இலை மட்கும் தாராளமாகச் சேர்ப்பது அவசியம். கட்டிட வேலை நடந்த இடத்து மண்ணைத் தொட்டியில் நிரப்பவே கூடாது.

வெண்ணிறம் விரும்புவோர் நட்சத்திர மல்லிகை வைக்கலாம். வாசனை மென்மையானதுதான், குண்டுமல்லி மணத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஐந்து இதழ் நட்சத்திரங்களைக் கொத்தாகத் தரும் பென்டாஸ் செடிக்கு வண்ணத்துப் பூச்சிகள் தேடி வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது குச்சி குச்சியாக உயர்ந்துவிடும். அப்போது கவாத்து செய்து, வெட்டிய இளந்தண்டுகளை 4 அங்குல நீளத்தில் நறுக்கி ஈர மணலில் நட்டால் வேர் பிடிக்கும். மறுபடி விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

எந்தச் செடியானாலும் தொட்டியைச் சுடு தளத்தில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைக்கவும். கோடையில் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.