கண்ணிமையில் மின்னும் காக்காப்பொன்



கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விடியுமுன் ரயில் பிடித்து பெங்களூருக்குப் போய், ஒரு மாலில் அழகுசாதனக் கவுண்டரில் நாள் முழுக்க நின்று விற்பவர். தாத்தா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"அக்கா, இப்ப வர்ற காலேஜ் பொண்ணுங்க முதல்ல கேக்கறதே ‘இது வீகனா?’ன்னுதான். டப்பாவைத் திருப்பிக் காட்டி, ஆமான்னு சொல்லி விக்கறேன். ஆனா அப்படின்னா என்னன்னு எனக்கே முழுசாத் தெரியாது. நம்ம பத்திரிகையில எழுதுங்களேன். இன்னொன்னும் கேக்கணும். எங்க தாத்தா மண்ணுக்குள்ள போய்ட்டு வந்தவரு. இந்த ஐ ஷேடோவுல மினுக்கறது எந்த மண்ணுல இருந்து வருதுன்னு யாருமே கேக்கறதில்லையே, ஏன்?"

இந்த மாதப் பக்கம் முழுவதையும் இந்த இரண்டு கேள்விகளுக்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் முதல் கேள்வி. விலங்கு, பறவை, மீன், பூச்சி என எந்த உயிரிடம் இருந்தும் எடுக்காத பொருள்களால் செய்தது வீகன். கொல்லாமல் எடுக்கிற பாலும் தேனும்கூட அதில் கூடாது. நம் வீட்டுச் சைவத்தைவிட இது ஒரு படி கண்டிப்பானது. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வீகன் சங்கம் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கிவைத்த வழக்கம், செருப்பு, பெல்ட், கைப்பை என்று நகர்ந்து இன்று ஒப்பனைப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இணையக் கடைகளில் வீகன் பொருள்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எல்லாமே வீகன் என்று சொல்லித் தொடங்கிய இந்திய நிறுவனங்கள் வளர்ந்து நிற்கின்றன. பழைய பெரிய நிறுவனங்களும் பின்னாலேயே ஓடி வருகின்றன.

லிப்ஸ்டிக்கில் உயிர்கள் எங்கிருந்து வந்தன என்று சிலர் கேட்பீர்கள். நிறையவே வந்தன. அடர்ந்த சிவப்பைத் தரும் கார்மைன் ஒரு பூச்சிச் சாயம். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து அரைத்து அதை எடுக்கிறார்கள். ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று பெரு நாட்டில்தான் இது மிகுதி. ஆனால் இந்தப் பூச்சிக்காக நம் சென்னையும் ஒரு காலத்தில் ஏங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டு, கொச்சினீல் வளர்த்து லாபம் பார்க்க முயன்றார். அந்த முயற்சி கைகூடவில்லை.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகப்பூச்சின் பளபளப்புக்கு அரக்கு. உதட்டு பாமுக்குத் தேன்மெழுகு. சருமத்தின் ஈரம் காக்க, ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கும் லானோலின். க்ரீம் வழவழக்க, சுறாவின் ஈரலில் இருந்து ஸ்குவாலீன். முத்து மினுக்கத்துக்கு, மீன் செதிலில் இருந்து குவானின். சோப்புக்கு மாட்டுக் கொழுப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் இன்று மாற்று இருக்கிறது. தேன்மெழுகின் இடத்தில் பிரேசிலின் கார்னாபா பனை மெழுகு வந்திருக்கிறது. சுறாவை விட்டுவிட்டு ஆலிவில் இருந்தும் கரும்பில் இருந்தும் ஸ்குவாலேன் எடுக்கிறார்கள். கார்மைன் இல்லாமலேயே சிவப்பு கிடைக்கிறது. சோப்பில் இந்த மாற்றம் நம் நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. விலங்குக் கொழுப்பே இல்லாமல், தாவர எண்ணெயிலேயே சோப்புச் செய்து விற்றுக் காட்டினார் ஆர்தேஷிர் கோத்ரெஜ்.

"நம் பாட்டி பூசியதெல்லாம் வீகன்தானே?" என்று பெருமையோடு கேட்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் உண்மைதான். பயத்தமாவு, சீயக்காய், மருதாணி, விளக்கெண்ணெய் விட்டு எடுத்த கண்மை, எல்லாம் செடி கொடி தந்தவை. ஆனால் வாசனைப் பொருள்களின் வரிசையைப் பாருங்கள். புனுகு, புனுகுப் பூனையின் சுரப்பியில் இருந்து வந்தது. கஸ்தூரிக்காகக் கஸ்தூரி மானைக் கொன்றார்கள். கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் விளைந்த கல். நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் பாதத்தில் தீட்டிய ஆல்தாச் சிவப்பும் அரக்குப் பூச்சி தந்ததுதான். எனவே ‘இயற்கை’, ‘பாரம்பரியம்’, ‘ஆயுர்வேதம்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அது வீகன் ஆகிவிடாது. கடைகளில் நன்றாக விற்கும் ஆட்டுப்பால் சோப்பு இயற்கையானதுதான். வீகன் அல்ல.

அடுத்து முயல் படம். கவுண்டரில் பலரும் குழம்புகிற இடம் இது. தாவும் முயல் முத்திரை, அந்தப் பொருளை விலங்குகள் மீது சோதிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. உள்ளே தேன்மெழுகு இருக்கலாம். அதேபோல், உள்ளே எல்லாம் தாவரமாக இருந்தாலும் எங்கோ ஓர் ஆய்வகத்தில் விலங்கின் மீது சோதித்திருக்கலாம். 1944-இல் அமெரிக்காவின் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறையில், பிடித்து அடைத்த முயலின் கண்ணில் பொருளைவிட்டு, கண் சிவக்கிறதா, புண்ணாகிறதா என்று நாள் கணக்கில் பார்த்தார்கள். ஷாம்பு உங்கள் கண்ணில் பட்டால் எரியாது என்று அறிய, முயல்களின் பார்வை போனது. இந்தக் கொடுமைக்கு எதிராக உலகெங்கும் பலர் பல ஆண்டுகள் போராடினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல், விலங்கில் சோதித்த அழகுசாதனங்களை விற்பதையே முழுமையாகத் தடுத்தது. இந்தியா 2014-இல், அழகுசாதனங்களை விலங்குகள் மீது சோதிப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டின் இறுதியில், அப்படிச் சோதித்த பொருள்களை இறக்குமதி செய்யவும் தடை போட்டது. தெற்காசியாவில் முதலில் இதைச் செய்த நாடு நாம்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வீகன் என்ற சொல்லுக்கோ அப்படி ஒரு சட்டக் காவல் இல்லை. உணவுப் பொருள்களுக்கு 2022-இல் தனி விதிமுறையும் பச்சை நிறத்தில் அரசு முத்திரையும் வந்துவிட்டன. அழகுசாதனத்துக்கு அத்தகைய அரசு முத்திரை கிடையாது. வீகன் சங்கம், பீட்டா போன்ற தனியார் அமைப்புகளின் முத்திரைகள்தாம் இருக்கின்றன. அதனால் டப்பாவின் பின்பக்கத்தை நாமே படித்துக்கொள்வதுதான் நல்லது. பொருள்களின் பட்டியலை எடையில் கூடியது முதலில், குறைந்தது பின்னால் என்று போட வேண்டும் என்பது விதி. எழுத்து பொடியாகத்தான் இருக்கும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாயங்களுக்கு எண் இருக்கும். ‘சி.ஐ. 75470’ என்றால் கார்மைன். ‘75170’ என்றால் மீன் செதில். இந்த இரண்டு எண்களையும் குறித்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. ‘சி.ஐ. 77019’. வாசகியின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் வாசல்.

அது மைக்கா. சின்ன வயதில் நாம் மண்ணில் பொறுக்கி, ஏடு ஏடாக உரித்து விளையாடிய காக்காப்பொன். ஐ ஷேடோ, ஹைலைட்டர், லிப் கிளாஸ் எதை எடுத்தாலும் அந்த மினுமினுப்பின் பெரும்பகுதி இதுதான். இது கனிமம். எந்த உயிரின் உடலிலும் இருந்து வருவதில்லை. ஆகவே சந்தேகமே இல்லாமல் வீகன்.

இது வருகிற இடங்களில் முக்கியமானது ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய பீகாரின் நவாதாவும். 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே முறையான சுரங்கங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. கைவிட்ட குழிகளில் குடும்பம் குடும்பமாக இறங்கி, மிச்சம் மீதியைத் தோண்டிப் பொறுக்குகிறார்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கிடைக்கும். எலி வளை போன்ற குழிக்குள் நுழையச் சின்ன உடம்பு வசதி என்பதால் குழந்தைகளும் இறங்குகிறார்கள். 2016-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் விசாரித்தபோது, இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் இந்தக் குழிகளில் இறந்திருந்தார்கள். சட்டத்துக்குப் புறம்பான தொழில் என்பதால் சாவுகள்கூட வெளியே தெரியாமல் அமுங்கின. மறு ஆண்டு பாரிஸில், மைக்காவைப் பொறுப்போடு வாங்குவோம் என்று நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கின. 2019-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எடுத்த கணக்கில், ஜார்க்கண்டின் மைக்காப் பகுதியில் மட்டும் 6 முதல் 14 வயது வரையிலான 4,545 குழந்தைகள் பள்ளிக்குப் போகவில்லை.

ஸ்கெலட்டனில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு வியப்பில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததில் இருந்து, வட ஆற்காடு, சேலம், தருமபுரிச் சீமைகளில் இருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 800 டன்னுக்கும் மேல் தங்கம் வெளியே வந்தது. அதை எடுத்தவர்களின் நுரையீரலில் கல்தூசி படிந்தது. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. பீகாரின் மைக்காச் சுரங்கங்களில் 329 பேரைச் சோதித்த ஓர் ஆய்வில் நூற்றுக்கு 34 பேருக்கு அதே நோய். தங்கமும் காக்காப்பொன்னும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரத்தில் இருக்கின்றன. எடுத்தவர்களுக்கு வந்த இருமல் ஒன்றுதான்.

"அப்படியானால் மைக்காவே வேண்டாம்" என்று ஒதுக்கிவிடலாமா? சில நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. ஆய்வகத்தில் தயாரித்த செயற்கை மைக்காவுக்கு மாறிவிட்டன. பட்டியலில் அதை ‘சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட்’ என்று போடுவார்கள். அதை வாங்குவது தவறில்லை. ஆனால் ஒரு சுரங்கம் மூடினால் என்ன ஆகும் என்பதைத் தங்கவயல் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அந்த மண்ணை நம்பி இருந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை, நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிப் போகிறது. நாம் கைகழுவி விலகிக்கொண்டால் கோடர்மாவின் குழந்தை தானாகப் பள்ளிக்குப் போய்விடாது. அரிசிக்கு வேறு வழி இல்லாத வீட்டில் வேறொரு வேலைக்குப் போகும். அங்கே வேண்டியது முறையான உரிமம், பெரியவர்களுக்கு நியாயமான கூலி, உயிருக்குப் பாதுகாப்பு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம். இவற்றைச் செய்துதர வேண்டியவர்கள் அரசும், அந்த மினுக்கத்தில் லாபம் பார்க்கிற நிறுவனங்களும்.

அரக்கு விஷயத்திலும் எனக்கு இதே எண்ணம்தான். உலகத்தின் அரக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ஜார்க்கண்டில் விளைகிறது. குசும், பலாசு, இலந்தை மரங்களில் பூச்சியை வளர்த்துப் பழங்குடி மக்கள் எடுக்கிறார்கள். அந்த மரங்கள் நிற்பதற்கே அரக்கு வருமானம் ஒரு காரணம். வீகன் நெறிப்படி அரக்கு ஆகாது. அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். அதைக் கடைப்பிடிக்கிறவர்கள், மரத்தடியில் நிற்கும் அந்த மனிதர்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே கேட்கிறேன்.

வீகன் வாங்கும் இளம்பெண்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். முகம் தெரியாத ஒரு முயலுக்காக, ஒரு பூச்சிக்காக, கடையில் நின்று கேள்வி கேட்கிற தலைமுறை இது. விலை கொஞ்சம் கூடுதலானாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறது. அந்தக் கேள்விகள்தாம் சட்டத்தையே மாற்ற உதவின. அந்த இரக்கம் இன்னும் இரண்டு எட்டு நடந்து குழிக்குள் இருக்கும் குழந்தைவரை போய்ச் சேரட்டும் என்பதுதான் என் ஆசை.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். இதில் விலங்கிடம் இருந்து எடுத்தது ஏதும் உண்டா? விலங்கின் மீது சோதித்தார்களா? இதன் மைக்கா எங்கிருந்து வருகிறது, அங்கே குழந்தைகள் வேலை செய்யவில்லை என்பதை யார் போய்ப் பார்த்து உறுதி செய்கிறார்கள்? கவுண்டரில் நிற்பவரிடம் மூன்றாவதற்குப் பதில் இருக்காது. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். டப்பாவில் நுகர்வோர் சேவை மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு நான்கு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.

பதில் வந்தால் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள். எந்த நிறுவனம் என்ன சொன்னது என்பதை வரும் இதழ்களில் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுகிறோம். ஒருவர் எழுதினால் அது கடிதம். ஆயிரம் பேர் எழுதினால் அந்த நிறுவனம் கோடர்மாவுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்