முதுகெலும்பு வளைவுக்கு அறுவை சிகிச்சைதான் தீர்வா?

‘‘என் மகளுக்கு 13 வயது. ஒரு தோள்பட்டை ஏறியும் இன்னொன்று இறங்கியும் தெரிகிறது. முதுகெலும்பு வளைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல், பயிற்சியால் சரிசெய்ய முடியுமா?’’
- வாசகி, ஆலந்தலை, தூத்துக்குடி மாவட்டம்.

வளைவு எவ்வளவு, பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்த்தி பாக்கி இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது இதற்கான பதில். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, முறுக்கிக்கொள்வதை ‘ஸ்கோலியோசிஸ்’ என்கிறார்கள் மருத்துவர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதன் காரணம் தெரிவதில்லை. புத்தகப் பையோ, உட்காரும் விதமோ, பெற்றோரின் கவனக்குறைவோ இதற்குக் காரணம் அல்ல.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நின்று, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பார்க்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் வளைவை அளப்பார்கள். 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். பொதுவாக, 25 டிகிரிக்குள் என்றால் கண்காணிப்பும் பயிற்சியும் போதும். 25 முதல் 40 வரை, வளரும் வயது என்றால் ‘பிரேஸ்’ எனும் கவசப் பட்டை தேவைப்படும். 45, 50-ஐத் தாண்டினால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.

இதற்கென உள்ள பயிற்சிகளில் பெயர்பெற்றது ‘ஷ்ராத்’ முறை. முதுகு வளைவால் பாதிக்கப்பட்ட ஜெர்மனியைச் சேர்ந்த கத்தரினா ஷ்ராத், தனக்காகவே உருவாக்கியது. உடலை நீட்டி நிமிர்த்தி, அமுங்கிய பக்கத்து விலாவுக்குள் மூச்சை நிரப்பப் பழக்குவார்கள். வளைவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், வீடியோ பார்த்துச் செய்யக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவதை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். கடலில் நீந்துவது உடம்புக்கு நல்லது. ஆனால், வளைவை நிமிர்த்தாது. தடவி, நெட்டி முறித்தாலும் எலும்பு நிமிராது.

வளைவு கூடிவரும் பிள்ளைக்குப் பயிற்சி மட்டும் போதாது. அமெரிக்கா, கனடாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்த 100 பேரில் 72 பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது. அணியாதவர்களில் அது 48 பேர்தான். தினமும் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 10-க்கு 9 பேர் தப்பித்தார்கள். கடற்கரைப் புழுக்கத்தில் அணிவது சிரமம்தான். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு, வியர்த்தால் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது தோல் சிவந்து, புண்ணாகிறதா என்று பாருங்கள்.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்து சுமார் இரண்டு ஆண்டுகளில் வளர்த்தி அநேகமாக நின்றுவிடும். பிரேஸ் பலன் தருவது அதுவரைதான். ‘நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகிடுமே’ என்று மறைத்துவைத்தால், அந்தக் காலம் கைநழுவிப்போகும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் இப்போதே காட்டுங்கள். முதல் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் ஆதாரம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.